கடைமடை வரை பாயும் இணையம்

நுழையும்முன்

நீராயினும் வேலையாயினும் ஓரிடத்தில் குவிந்தால் கேடு, பகிர்ந்தால் பயன். கோடிக்கணக்கான மக்கள் ஒரே நேரத்தில் இணையத்தின் கதவைத் தட்டுகின்றனர். அவ்வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்தளிக்கும் நுட்பமே சுமைப்பகிர்வு. அதன் இயக்கத்தையும், அதனுள் பொதிந்துள்ள நடுவுநிலையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு நொடியின் சுமை

பல்லடம் பேருந்து நிலையத்தருகே உள்ள தேநீர்க் கடையில் ஒருவர் கியூஆர் குறியீட்டைத் திறன்பேசியால் வருடிப் பணம் செலுத்துகிறார். சில நொடிகளில் பணம் வந்துவிட்டதாகக் கடையிலுள்ள ஒலிபெருக்கிப் பெட்டி அறிவிக்கிறது. மிக எளிய நிகழ்வாகத் தோன்றும் இதன் பின்னே பெரும்பணி நடைபெறுகிறது. செலுத்துபவரின் செயலி, அவருடைய வங்கி, பெறுபவரின் வங்கி, இவற்றை இணைக்கும் நடுவமைப்பு ஆகியவற்றுக்கிடையே பல செய்திகள் சென்று திரும்புகின்றன.

இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய யுபிஐ என்னும் பணப்பரிமாற்ற முறையே இதற்கு அடிப்படை. 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் இதன் வழியாக 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நிகழ்ந்தன. அம்மாதத்தின் 31 நாள்களை நொடிகளாக்கி வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒரு நொடிக்கு 7,400 பரிமாற்றங்களுக்கு மேல் வரும். நள்ளிரவில் இது குறையும், மாலையில் பன்மடங்காகும். எவ்வளவு ஆற்றல் வாய்ந்த கணினியாயினும் தனியொன்றாய் இச்சுமையைத் தாங்க இயலாது. அவ்வாறாயின் இவ்வேலை எவ்வாறு பிரிக்கப்படுகிறது? பிரிப்பவர் யார்? பிரிப்பதில் பிழை நேர்ந்தால் பாதிக்கப்படுபவர் யார்?

ஏன் ஒன்று போதாது?

நாம் கேட்பதை எடுத்துக்கொடுக்கும் கணினியைச் சேவையகம் என்கிறோம். சர்வர் என்பது வழக்குச்சொல். கேட்பவர் பெருகும்போது இரண்டு வழிகள் உள்ளன. இருக்கும் சேவையகத்தை மேலும் பெரிதாக்குவது ஒன்று. அதே அளவுள்ள பல சேவையகங்களை அருகருகே நிறுத்துவது மற்றொன்று. முன்னது, பாரம் கூடும்போதெல்லாம் மேலும் பெரிய வண்டியைத் தேடுவது போன்றது. வண்டிக்கும் ஓர் எல்லை உண்டு; அதன் அச்சு முறிந்தால் முழுப் பாரமும் நடுவழியில் நிற்கும். மயிலிறகே ஆயினும் ஏற்றும் அளவை அறிய வேண்டும் என்பதை உணர்த்தும் திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரம் இங்கு நினைக்கத்தக்கது. எனவே இன்றைய பெரிய இணையச் சேவைகள் இரண்டாம் வழியையே பெரிதும் நாடுகின்றன.

சுமை கூடக் கூடக் காத்திருப்பும் அதே அளவில் கூடும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. ஒரு சேவையகம் தன் ஆற்றலில் பாதியளவு வேலை பெறும்போது, கேட்பவர் ஒழுங்கின்றி வந்தாலும், சராசரியாக ஒருவரே அதனிடம் இருப்பார். சுமை 90 விழுக்காடானால் ஒன்பது பேர் இருப்பர். 95 விழுக்காடானால் 19 பேர். 99 விழுக்காடானால் 99 பேர். கடைசி ஒன்பது விழுக்காட்டில் வரிசை பதினொரு மடங்காகிறது. இணையத்தளம் ஒன்று நன்றாக இயங்கிக்கொண்டிருந்து திடீரென உறைந்து நிற்பதன் காரணம் இதுவே.

தெரிந்து தெளிவோம்

காத்திருப்பு வரிசை பற்றிய கணிதத்தைத் தொடங்கிவைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் கிராருப் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், தொலைபேசி அழைப்புகளின் வருகை குறித்த தம் முதல் ஆய்வை 1909 ஆம் ஆண்டில் வெளியிட்டார். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகு அவர் பெயரால் ‘எர்லாங்’ என வழங்கப்படுகிறது.

முறைநீரும் சுழல்முறையும்

பகிர்வு என்பது கொங்கு வட்டாரத்திற்குப் புதிதன்று. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் திருமூர்த்தி அணைப் பாசனத்தில் ஏறத்தாழ 3.77 இலட்சம் ஏக்கர் நிலம் உள்ளது. பல்லடம், உடுமலை, பொங்கலூர், காங்கயம் முதலிய பகுதிகள் அதில் அடங்கும். இருக்கும் நீரை அனைத்து நிலத்துக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் எந்த நிலமும் முழுமையாக நனையாது. ஆதலால் பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு மண்டலத்துக்கு நீர் பாயும்போது ஏனையவை தம் முறைக்குக் காத்திருக்கும்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். வாய்க்காலில் நீர் பகிரப்படுகிறது, பெறுபவர் உழவர். இணையத்தில் பகிரப்படுவது வேலை, பெறுவது சேவையகம். திசை மாறினும் கேள்வி ஒன்றே: அடுத்த முறை யாருக்கு?

கேட்பவருக்கும் சேவையகங்களுக்கும் இடையில் நின்று இக்கேள்விக்கு விடை காண்பது சுமைப்பகிர்வி. வாய்க்காலின் மதகைப் போன்றது அது. வருகின்ற ஒவ்வொரு வேண்டுகோளையும் ஏதேனும் ஒரு சேவையகத்துக்குத் திருப்பிவிடும். கேட்பவருக்கு ஒரே ஒரு முகவரி மட்டும் தெரியும். அதன் பின்னே பத்து கணினிகள் உள்ளனவா, பதினாயிரம் உள்ளனவா என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

பகிர்வு முறைகளுள் எளியது சுழல்முறை. முதல் வேண்டுகோள் முதல் சேவையகத்துக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு என வரிசையாகக் கொடுத்து, கடைசியை எட்டியதும் மீண்டும் முதலுக்குத் திரும்புவது. அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் என்சிஎஸ்ஏ என்னும் கணினி மையம் உலகறிந்த ‘மொசைக்’ உலாவியை 1993 ஆம் ஆண்டில் உருவாக்கியது. அம்மையத்தின் இணையத்தளத்தைக் காண வந்த கூட்டத்தை ஒரு கணினியால் தாங்க இயலவில்லை. ஆகவே, பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் இணைய முகவரி ஏட்டிலேயே அவர்கள் மாற்றம் செய்தனர். கேட்கும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு கணினியின் முகவரி சுழல்முறையில் சொல்லப்பட்டது. இன்றைய சுமைப்பகிர்வின் தொடக்கநிலைகளுள் இதுவும் ஒன்று.

சமம் வேறு, நடுவுநிலை வேறு

சுழல்முறை அனைவரையும் சமமாக நடத்துகிறது. அதுவே அதன் குறையும் ஆகும். எல்லாச் சேவையகங்களும் ஒரே ஆற்றல் உடையன அல்ல. எல்லா வேண்டுகோள்களும் ஒரே அளவின அல்ல. கணக்கு இருப்பை அறிவது நொடிப்பொழுதில் முடியும். ஓராண்டுக் கணக்கறிக்கையைத் திரட்டுவதற்கு நெடுநேரம் ஆகும். பெரிய வேலைகள் தற்செயலாக ஒரே சேவையகத்திடம் அடுத்தடுத்துச் சேர்ந்தால், எண்ணிக்கை சமமாக இருந்தும் அது திணறும்.

இக்குறையை நீக்க இரு வழிகள் உள்ளன. ஆற்றல் மிக்க சேவையகத்துக்கு மூன்று வேலை, எளியதற்கு ஒரு வேலை எனத் தகுதிக்கேற்ப எடையிட்டுக் கொடுப்பது முதல் வழி. அந்நேரத்தில் யாரிடம் முடியாத வேலை குறைவாக உள்ளதோ அவரிடம் அடுத்ததைக் கொடுப்பது இரண்டாம் வழி. இது குறைந்த இணைப்பு முறை எனப்படும். முன்னது ஆற்றலை அறிந்து செய்வது. பின்னது நிலையை அறிந்து செய்வது.

எனினும், ஆயிரக்கணக்கான சேவையகங்களின் நிலையை ஒவ்வொரு முறையும் கேட்டறிவதே ஒரு பெருஞ்சுமையாகிவிடும். மேலும் பல பகிர்விகள் ஒரே நேரத்தில் ‘இதோ, இது ஓய்வாக உள்ளது’ என்று கண்டு அனைத்து வேலைகளையும் அதனிடமே அனுப்பினால், ஓய்வாக இருந்ததே முதலில் வீழும். கூட்டமில்லாத சாளரத்தைக் கண்டு அனைவரும் அங்கே ஓடினால் என்னவாகும் என்பதை நாம் அறிவோம்.

இதற்குக் கணித அறிஞர்கள் கண்ட தீர்வு வியப்பளிப்பது. அனைவரையும் கேட்க வேண்டா. ஏதேனும் இருவரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அவ்விருவருள் சுமை குறைந்தவரிடம் வேலையைக் கொடுத்தால் போதும். ஒருவரை மட்டும் குலுக்கித் தேர்வதைக் காட்டிலும் இம்முறையில் மிகுசுமை பெரிதும் குறைகிறது என்பதை அசர், பிராடர், கார்லின், உப்பால் ஆகிய நால்வர் 1994 ஆம் ஆண்டில் நிறுவினர். மிட்சன்மேக்கர் 1996 ஆம் ஆண்டின் தம் முனைவர்பட்ட ஆய்வில் இதனை மேலும் விரித்தார். முற்றறிவு தேவையில்லை, ஓர் ஒப்பீடு போதும் என்பதே இதன் சாரம்.

நலம் அறிதல்

மதகு காப்பவர் வாய்க்காலின் கரை எங்கேனும் உடைந்துள்ளதா என்று பார்த்த பின்னரே நீரைத் திருப்புவார். சுமைப்பகிர்வியும் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு சேவையகத்திடமும் ‘இயங்குகிறாயா?’ என வினவுகிறது. தொடர்ந்து விடை வராதபோது அதனைப் பட்டியலிலிருந்து விலக்குகிறது. மீண்டும் சரியான விடை வரத் தொடங்கியதும் சேர்த்துக்கொள்கிறது. இதற்கு நலச்சோதனை என்று பெயர்.

இதில் ஓர் இடர் மறைந்துள்ளது. நான்கு சேவையகங்கள் ஒவ்வொன்றும் தம் ஆற்றலில் 80 விழுக்காடு இயங்குகின்றன என்க. மொத்த வேலை 320 பங்கு. ஒன்று பழுதானால் எஞ்சிய மூன்றும் அதனைச் சுமக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 107 விழுக்காடு. இது ஆற்றலுக்கு மீறியது. ஆகவே இரண்டாவதும் வீழும். பின்னர் மூன்றாவதும் நான்காவதும் அடுத்தடுத்து வீழும். மாறாக, ஒவ்வொன்றும் 60 விழுக்காடு மட்டுமே சுமந்திருந்தால், ஒன்று விலகிய பின்னும் ஏனையவை 80 விழுக்காட்டில் நிலைத்து நிற்கும். அந்த 40 விழுக்காட்டு இடைவெளியைச் சோம்பல் என்று கருதக்கூடாது. அது பிறர் வீழும்போது தாங்குவதற்கென ஒதுக்கிய ஆற்றல்.

பகிர்வியே பழுதானால் என்ன செய்வது என்ற வினாவும் எழும். அதனால் பகிர்விகளும் இணையாக நிறுத்தப்படுகின்றன. ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று அதே முகவரியை ஏற்றுக்கொள்ளும். பெரிய சேவைகள் ஒரு நகரத்தோடு நில்லாமல் பல நகரங்களில் தரவு மையங்களை அமைக்கின்றன.

யார், எங்கே என்ற நினைவு

வங்கிச் செயலியில் நுழைந்த ஒருவரின் முதல் வேண்டுகோள் ஒரு சேவையகத்துக்கும் அடுத்தது வேறொன்றுக்கும் சென்றால், இரண்டாவது அவரை அடையாளம் காணாது. ஒவ்வொரு பயனரையும் ஒரே சேவையகத்துக்கு அனுப்புவது இதற்கு ஒரு வழி. பயனரின் எண்ணைச் சேவையகங்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதி எதுவோ அந்தச் சேவையகத்துக்கு அனுப்பலாம். நான்கு சேவையகங்கள் உள்ளவரை இது நன்கு இயங்கும். ஐந்தாவதைச் சேர்த்தவுடன் வகுஎண் மாறுகிறது. 0 முதல் 19 வரையிலான இருபது எண்களை நான்கால் வகுத்தும் ஐந்தால் வகுத்தும் பாருங்கள். 0, 1, 2, 3 ஆகிய நான்கு எண்களுக்கு மட்டுமே மீதி மாறாது. அதாவது உதவிக்கு ஒருவரைச் சேர்த்ததால் 80 விழுக்காட்டினர் இடம் மாற நேர்கிறது.

அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த கார்கரும் அவர்தம் குழுவினரும் 1997 ஆம் ஆண்டில் இதற்குத் தீர்வு கண்டனர். சேவையகங்களையும் பயனர்களையும் ஒரு வட்டத்தின் மீது புள்ளிகளாக அமைத்து, ஒவ்வொரு பயனரையும் வட்டத்தில் அடுத்து வரும் சேவையகத்துடன் இணைத்தனர். இம்முறையில் ஐந்தாவது சேவையகம் சேரும்போது சராசரியாக ஐந்தில் ஒரு பங்கினர் மட்டுமே இடம் மாறுவர். ஏனையோர் இருந்த இடத்திலேயே இருப்பர்.

பகிர்வுக்கும் எல்லை உண்டு

அணையில் நீர் இல்லாதபோது மதகால் பயனில்லை. வரும் வேலை மொத்த ஆற்றலையும் மிஞ்சும்போது பகிர்வியும் செய்வதறியாது நிற்கும். அந்நிலையில் உதவுவது காலத்தால் பிரித்தல். இந்திய இரயில்வேயின் இணையவழி முன்பதிவு அமைப்பு 2014 ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்டபோது, அதன் ஆற்றல் நிமிடத்துக்கு 2,000 பயணச்சீட்டுகளிலிருந்து 7,200 ஆக உயர்ந்தது. எனினும் தட்கல் முன்பதிவு தொடங்கும் நிமிடத்தில் நாடே ஒருங்கே முட்டி மோதியது. எனவே 2015 ஜூன் முதல் குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணி, ஏனைய வகுப்புகளுக்கு 11 மணி எனத் தொடக்க நேரம் பிரிக்கப்பட்டது. மண்டலம் மண்டலமாக நீர் விடும் முறையின் இணைய வடிவம் இது.

2025 ஏப்ரல் 12 ஆம் நாள் யுபிஐ சேவை நாடு முழுவதும் பல மணி நேரம் தடுமாறியது. அன்று சனிக்கிழமை. திருப்பூர் வட்டாரத்தில் சனிக்கிழமை என்பது வாரக்கூலி வழங்கும் நாள் என்பதை நினைத்தால் இத்தகைய தடையின் பொருள் விளங்கும். ‘என்னவாயிற்று, என்னவாயிற்று?’ என்று பரிமாற்றத்தின் நிலையை அறியக் கேட்கும் வினவல்கள் வெள்ளமாகப் பெருகியதே இத்தடுமாற்றத்துக்குக் காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. விடை தாமதமானால் மீண்டும் கேட்பது இயல்பு. ஆனால் அக்கேள்வியும் ஒரு வேலையே. தாமதம் கேள்வியைப் பெருக்குகிறது. கேள்வி தாமதத்தைப் பெருக்குகிறது.

இச்சுழலை உடைக்க நல்ல மென்பொருள்கள் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்கின்றன. முதல் முறை விடை வராவிட்டால் ஒரு நொடி காத்திருக்கும். அடுத்து இரண்டு, பின்னர் நான்கு, எட்டு என இடைவெளியை இரட்டித்துக்கொண்டே செல்லும். எல்லோரும் ஒரே நொடியில் திரும்பி வராதிருக்க, அவ்விடைவெளியில் சிறு குலுக்கலும் சேர்க்கப்படும். யுபிஐ அமைப்பும் 2025 ஆகஸ்ட் 1 முதல் வரம்பு விதித்தது. அதன்படி ஒருவர் ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறை மட்டுமே கணக்கு இருப்பைப் பார்க்க இயலும். பொறுத்திருந்து கேட்பது ஒழுக்கம் மட்டுமன்று, பொறியியலும் ஆகும்.

கடைமடையே அளவுகோல்

பாசனம் நன்றாக நடந்ததா என்பதை அணையருகே நின்று அறிய இயலாது. வாய்க்காலின் கடைசி வயலாகிய கடைமடைக்கு நீர் சென்றதா என்று பார்க்க வேண்டும். பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத்தில் காங்கயம், வெள்ளக்கோவில் பகுதிகளின் கடைமடை உழவர்கள் நெடுங்காலமாக எழுப்பும் கேள்வியும் இதுவே. தலைமடையில் ததும்பும் நீரைக் கடைமடையின் வறட்சியோடு கூட்டிச் சராசரி சொன்னால் கணக்கு நேராகும், பயிர் காயும்.

இணையப் பொறியாளர்களும் இதே முடிவுக்கு வந்துள்ளனர். கூகுள் நிறுவனத்தின் ஜெஃப் டீன், லூயிஸ் பரோசோ ஆகியோர் 2013 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு கணக்கு உள்ளது. ஒரு சேவையகம் நூற்றில் ஒருமுறை மட்டுமே தாமதிக்கிறது என்க. அது சிறு குறையாகவே தோன்றும். ஆனால் ஒரு பக்கத்தைத் திரட்ட இத்தகைய நூறு சேவையகங்களின் விடைகளும் தேவையானால், நூறில் 63 பக்கங்கள் தாமதமாகும். ஆகவே சராசரி வேகத்தை மட்டும் பார்ப்பது போதாது. மிகவும் தாமதமாக விடை பெறும் அந்த ஒரு விழுக்காட்டினரைக் கண்காணிக்க வேண்டும் என்பது அவர்கள் வலியுறுத்தும் கருத்து. அதனை அவர்கள் ‘வால்’ என்றனர். நம் உழவர் மொழியில் அது கடைமடை.

இணையத்தின் கடைமடையில் இருப்பவர் யார்? பழைய திறன்பேசி வைத்திருப்பவர். அலைவரிசை எட்டாத சிற்றூரில் வாழ்பவர். தேர்வு முடிவையோ உதவித்தொகை விண்ணப்பத்தையோ கடைசி நாளில் பார்க்க நேர்ந்த மாணவர். தளம் உறையும்போது விரைவான இணைப்புடையவர் மறுமுயற்சியில் நுழைந்துவிடுவார். மெலிந்த இணைப்புடையவரே வெளியில் நிற்பார். ஆகவே சுமைப்பகிர்வு என்பது கருவிகளைக் காக்கும் நுட்பம் மட்டுமன்று; வாய்ப்பைக் காக்கும் நுட்பமுமாகும். ஆற்றல் அறிந்து கொடுத்தல், நிலை அறிந்து திருப்புதல், வீழ்ந்தவருக்காக இடம் ஒதுக்குதல், கடைசியில் நிற்பவரைக் கொண்டு தன்னை அளந்துகொள்ளுதல் ஆகிய நான்கும் நல்ல பகிர்வின் இலக்கணம். நாளை மென்பொருள் எழுதப்போகும் உங்களுள் சிலர் கையில் இத்தகைய மதகுகள் வரும். அப்போது கடைமடையை நினையுங்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நீர், நியாயவிலைப் பொருள், பேருந்து வசதி ஆகியவற்றுள் ஒன்று எவ்வாறு பகிரப்படுகிறது என்பதைக் கேட்டறிந்து, அது சுழல்முறையா, எடையிட்ட முறையா என வகுப்பில் கலந்துரையாடுக.

2. ஐந்து சேவையகங்கள் ஒவ்வொன்றும் 70 விழுக்காடு சுமையுடன் இயங்குகின்றன. ஒன்று பழுதானால் எஞ்சியவை தாங்குமா? இரண்டு பழுதானால்? கணக்கிட்டுக் காட்டுக.

3. ‘சமமாகப் பிரிப்பது எப்போதும் நடுவுநிலை ஆகாது’ – இக்கருத்தை ஆதரித்தும் மறுத்தும் இரு குழுக்களாகச் சொற்போர் நிகழ்த்துக.

4. சேவையகம், சுமைப்பகிர்வி, சுழல்முறை, நலச்சோதனை, கடைமடை – இச்சொற்களைச் சொந்தத் தொடர்களில் அமைத்து எழுதுக.